இட்லி மாவுத் தொழிலுக்கு நோக்கம் எதற்கு?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மடிப்பாக்கத்தில், மாமியார் காலத்தில் வீட்டு வாசலில் ஒரு கிரைண்டரோடு ஆரம்பித்த இட்லி மாவுத் தொழில். இன்று மருமகள் நடத்துகிறார். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள், தினமும் 300 பாக்கெட் கடைகளுக்குப் போகிறது. தொழிலை வளர்க்க ஆலோசனை கேட்கப் போன இடத்தில், "முதலில் உங்கள் பர்ப்பஸ் என்ன என்று எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். இதற்கு நடுவில் ஒரு சூப்பர் மார்க்கெட் செயின் தினமும் 400 பாக்கெட் கேட்கிறது. மாவு ஏழு நாள் தாங்க வேண்டும், பணம் 60 நாள் கழித்துத்தான் வரும். "சம்பளம், கரண்ட் பில், கடைப் பாக்கி என்று ஓடிக்கொண்டிருக்கிற எங்களுக்கு நோக்கம் என்பதெல்லாம் தேவையா? லாபம்தானே தொழிலின் நோக்கம்?" என்று கேட்கிறார்.

தேவை என்பதுதான் என் பதில். நான் ஆடிட்டர். சென்னையில் சிறு தொழில்களின் கணக்கைப் பார்ப்பது என் வேலை. அதனால் இதையும் கணக்குப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

"இன்னாருக்கு இதைச் செய்து கொடுத்தே தீருவேன்" என்று ஒருவர் பிடிவாதமாக இருந்தால், அதற்கு அவர் ஒரு வழியைக் கண்டுபிடித்தாக வேண்டும். லாபத்தை மட்டும் பார்த்துத் தொழிலுக்கு வந்தவர் கண்ணில் அந்த வழி படாது. பட்டாலும், இவ்வளவு கஷ்டப்பட வேண்டுமா என்று விட்டுவிடுவார். பிற்பாடு காசு சம்பாதித்துக் கொடுப்பது அந்த வழிதான். நோக்கம் வழிமுறையாக மாறாத இடத்தில், அது எவ்வளவு நல்ல நோக்கமாக இருந்தாலும் கல்லாவில் ஒன்றும் சேராது. நம் ஊர்த் தொழில்களையே எடுத்துப் பார்க்கலாம்.

ஸ்ரீராம் குழுமம் 1974இல் சென்னையில் ஒரு சீட்டு நிறுவனமாக ஆரம்பித்தது. ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் ஆர். தியாகராஜன். கணிதம் படித்தவர், இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1979இல் லாரிக் கடனுக்கென்றே ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் வந்தது. யாருக்குக் கடன் என்பதுதான் விஷயம். பல வருடம் அடுத்தவர் லாரியை ஓட்டிவிட்டு, சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்க நினைக்கிற டிரைவருக்கு. அவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது, வருமான வரிக் கணக்கு இருக்காது, அடமானம் வைக்க ஒன்றும் இருக்காது. வங்கிகள் அவரைக் கிட்டேயே சேர்க்கவில்லை. அவர் போக முடிந்த இடம் வட்டிக்காரர் வீடுதான்.

கடன் வரலாறு இல்லாதவருக்குக் கொடுப்பது ஊர் நினைக்கிற அளவுக்கு ஆபத்தான காரியம் இல்லை, அதை நிரூபித்துக் காட்ட வேண்டும் என்றுதான் இதில் இறங்கினேன் என்று தியாகராஜன் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு பணத்தை அள்ளிக் கொடுத்திருந்தால் சீக்கிரமே கடையைக் கட்டியிருக்க வேண்டும். பேப்பர் இல்லாத ஆளுக்குக் கடன் கொடுப்பதென்றால் பேப்பருக்குப் பதிலாக வேறு ஏதாவது வேண்டும். பழைய லாரியைச் சுற்றி வந்து பார்த்து விலை சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். எந்த ரூட்டில், எந்தச் சரக்குக்கு மாதம் எவ்வளவு வாடகை நிற்கும், டீசலும் டயரும் போகக் கையில் என்ன மிஞ்சும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆள் எப்படி என்று லாரி ஸ்டாண்டிலும் புக்கிங் ஆபீசிலும் விசாரிக்க வேண்டும். தவணைக்கு நேரில் போய் நிற்க வேண்டும், அதுவும் வண்டி ஊருக்கு வந்திருக்கிற நாள் பார்த்து. ஒரு ஃபீல்டு ஆபீசர் கையில் இருக்கிற வாடிக்கையாளர்களின் பெயர் மட்டுமல்ல, அவர்கள் வண்டியின் இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இந்த அறிவு ஒரு நாளில் வருவதில்லை. மற்றவர்கள் இந்தப் பக்கமே வராததால், சேர்ந்த அறிவெல்லாம் அந்த நிறுவனத்திடமே தங்கியது. குழும நிறுவனங்கள் 2022இல் இணைந்து ஸ்ரீராம் ஃபைனான்ஸ் ஆனபோது, அது நாட்டின் பெரிய வங்கிசாரா நிதி நிறுவனங்களில் ஒன்று. தியாகராஜன் தன் பங்குகளை ஊழியர்களுக்கான ஓர் அறக்கட்டளைக்கு விட்டுக்கொடுத்தார், சின்ன வீடு, சாதாரணக் கார் என்று வாழ்ந்தார் என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மதிக்க வேண்டிய விஷயம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் தொழில் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, வெயிலில் லாரி ஸ்டாண்டுக்குப் போய் விசாரிக்கிற அந்த ஃபீல்டு ஆபீசரைத்தான். நோக்கம் வழிமுறையாக மாறிய இடம் அதுதான்.

சிக் ஷாம்பு கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர், கூலி வேலை செய்கிறவரும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்கிப் பயன்படுத்துகிற மாதிரி பொருள்கள் வர வேண்டும் என்று நினைத்து, சின்னச் சின்னப் பாக்கெட்டுகளில் அடைத்து விற்றுப் பார்த்தவர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கி, அப்பா பெயரிலிருந்தே பிராண்டுக்கும் பெயர் வைத்தார். இன்று சென்னையில் இருக்கிற கெவின்கேர் அங்கிருந்து வந்ததுதான். அதில் நான் பார்ப்பது வேறொன்று. தினக்கூலி வாங்குகிறவர் கையில் மாதச் செலவுக்கான பணம் மொத்தமாக இருக்கவே இருக்காது. அன்றன்றைக்கு வருவதில் அன்றன்றைக்கு வாங்குவார். பாட்டிலின் விலையைக் குறைத்தாலும் அவரால் வாங்க முடியாது. அவருக்குத்தான் விற்பேன் என்று முடிவெடுத்துவிட்டால், அவர் சட்டைப் பையில் இருக்கிற சில்லறைதான் விலை. அந்த விலைக்குள் பொருளையும் உறையையும் லாரி வாடகையையும் கடைக்காரர் மார்ஜினையும் அடக்கிக் காட்ட வேண்டும். 50 பைசா சாஷே வரை அதைக் கொண்டுபோனார்கள். ஷாம்பு பழக்கமே இல்லாத கிராமங்களுக்கு ஆள் அனுப்பிப் பள்ளிப் பையன்கள் தலையில் தேய்த்துக் காட்டினார்கள். காலி சாஷே ஐந்து கொண்டுவந்தால் புதிதாக ஒன்று இலவசம் என்றார்கள். பணக்கார வீட்டுக் குளியலறையை மனதில் வைத்துத் தொழில் செய்கிறவருக்கு இதில் ஒன்றுகூடத் தோன்றியிருக்காது.

இதே சாஷேதான் இன்று சென்னை மழைநீர் வடிகால்களில் குப்பையாக அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு நோக்கம் தான் பார்க்கிற பக்கத்தை மட்டும்தான் பார்க்கும்.

அரவிந்த் கண் மருத்துவமனையை வியாபாரம் என்று சொல்வது சரியாக இருக்காது, ஆனால் சொந்தக் காலில் நிற்கிற நிறுவனம் என்பதால் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். தேவையில்லாமல் கண் பார்வை இழப்பதை ஒழிக்க வேண்டும் என்பது நோக்கம். அத்தனை பேருக்கும் அறுவை செய்ய அத்தனை டாக்டர்கள் கிடையாது. அதனால் டாக்டரின் ஒரு நிமிடம்கூட வீணாகாதபடி அறுவை அரங்கையே மாற்றி அமைத்தார்கள். ஒரு மேஜையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார், டாக்டர் திரும்பினால் போதும். மற்ற வேலைகளைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்று 1992இல் ஆரோலேப் தொடங்கி லென்ஸையே தயாரித்தார்கள். பணம் கொடுக்கிறவர்கள் கொடுப்பதிலேயே கொடுக்க முடியாதவர்களுக்கும் சேர்த்து நடக்கிறது. 2017இலிருந்து சென்னையிலும், பூந்தமல்லி பக்கத்தில் இருக்கிறார்கள். நேரம் கிடைத்தால் ஒரு நாள் போய், நோயாளிகள் ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு எப்படி நகர்கிறார்கள் என்று பாருங்கள். மாவு அரைக்கிற உங்களுக்கும் அதில் கற்றுக்கொள்ள இருக்கிறது.

இதெல்லாம் பெரிய இடம், எங்கள் அளவுக்குச் சொல்லுங்கள் என்பீர்கள். சரி, அம்பத்தூர் எஸ்டேட்டில் என் கிளையன்ட் ஒருவரைச் சொல்கிறேன். நான்கு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஆறேழு ஆட்கள். அவருடைய பட்டறையில் ஒரே சட்டம்தான்: மெஷின் நின்றுபோய் வருகிறவனுக்கு முதல் வேலை. அவர் முதலில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸில் இருந்தவர். ஒரு சின்ன உதிரி பாகத்துக்காக லைன் முழுக்க நின்று, ஷிஃப்ட் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய் ஆரம்பித்த தொழில்.

ஒரு நாள் சாயந்திரம் கணக்கு விஷயமாக அங்கே இருந்தபோது, பேக்கிங் யூனிட் ஒன்றிலிருந்து ஒரு பையன் தேய்ந்துபோன கன்மெட்டல் புஷ் ஒன்றை, அதாவது சுழல்கிற ஷாஃப்ட்டைத் தாங்குகிற உலோக வளையத்தை, துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். இவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஷாஃப்ட்டைக் கொண்டு வந்தியா?" என்று கேட்டார். கொண்டு வரவில்லை. தேய்ந்த புஷ்ஷை அளந்து புதுசு போட்டால் அதுவும் லூசாகத்தான் இருக்கும், ஷாஃப்ட்டைத்தான் அளக்க வேண்டும் என்று சொல்லி, மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு அவன் பைக்கிலேயே ஏறிப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் இங்கே ஆள் அலமாரியிலிருந்து சரியான அளவுத் துண்டை எடுத்து லேத்தில் பிடித்து வைத்திருந்தார். அந்த அலமாரியில் சந்தையில் உடனே கிடைக்காத அளவுகளிலெல்லாம் கன்மெட்டல், பாஸ்பர் பிரான்ஸ் ராடுகள், இ.என். 8, இ.என். 24 என்ற எஃகு வகை ராடுகள், முனையில் கலர் அடித்து அடுக்கி வைத்திருக்கும். அன்று ராத்திரியே அந்த யூனிட் ஓடியது. வழக்கமான ரேட்டைப் போல மூன்று மடங்கு பில். அந்த யூனிட்காரர் பேரம் பேசவில்லை, பணத்தை உடனே போட்டுவிட்டார்.

இப்போது அவர் கணக்குக்கு வாருங்கள். பேலன்ஸ் ஷீட்டில் மெட்டீரியல் ஸ்டாக் அவர் அளவுப் பட்டறைக்கு மிக அதிகம். வங்கியில் ஒவ்வொரு கடன் ரினியூவலிலும் இதைக் கேட்பார்கள். நான்கு லேத்தில் ஒன்று பாதி நேரம் சும்மா நிற்கும், வேண்டுமென்றேதான் நிறுத்தி வைத்திருக்கிறார். மெஷின் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று மட்டும் பார்க்கிறவருக்கு இது வீண். ஆனால் வரவேண்டிய பாக்கி மிகக் குறைவு, வாராக்கடன் கிட்டத்தட்ட இல்லை, மார்ஜின் பக்கத்துப் பட்டறைகளைவிட நல்ல உயரம். ஒரு சமயம் கார் கம்பெனிக்கு சப்ளை செய்கிற ஒருவர் மாதா மாதம் ஒரே மாதிரி பின் 2,000 வேண்டும் என்று வந்தார். நான்கு லேத்தும் அதிலேயே மாட்டிக்கொள்ளும் என்று சொல்லி வேண்டாம் என்றுவிட்டார். அவர் மறுத்ததற்குக் கொள்கை மட்டும் காரணம் இல்லை. அந்த ஆர்டரை எடுத்தால் ராத்திரி எட்டு மணிக்கு வருகிறவனைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும். இரண்டு முறை திருப்பி அனுப்பினால் மூன்றாவது முறை அவன் வர மாட்டான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எஸ்டேட்டில் எத்தனையோ பட்டறைகளோடு இவருடையதும் மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் பழைய வாடிக்கையாளர்கள் சிலர் வேலைக்கு முன்பணம் கொடுத்தார்கள், அந்தப் பணத்தில்தான் மோட்டார்களுக்கு ரீவைண்டிங் செய்தார். முன்பணத்துக்கு யாரும் பேப்பர் கேட்கவில்லை.

லாபம்தானே நோக்கம் என்று கேட்டீர்கள். லாபம் இல்லாமல் தொழில் இல்லை, அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. ஆனால் நீங்கள் தினமும் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் லாபம் என்ற சொல் உதவிக்கு வராது. விலை குறைந்த உளுந்தைப் போட்டால் இந்த மாதம் லாபம். நல்ல உளுந்தைப் போட்டால் வாடிக்கையாளர் நிற்பார், அதுவும் லாபம். சூப்பர் மார்க்கெட்டுக்குப் போட்டால் விற்பனை கூடும், லாபம். போடாவிட்டால் பணம் முடங்காது, அதுவும் லாபம். எல்லாப் பக்கமும் லாபத்தின் பெயரைச் சொல்லியே வாதாடலாம். யாருக்காக, எதை விட்டுக்கொடுக்காமல் செய்கிறோம் என்பது தெளிவாக இருந்தால்தான் இவற்றில் எது என்று முடிவெடுக்க முடியும். உங்களுக்கு மட்டும் தெரிந்தாலும் போதாது, நீங்கள் ஊரில் இல்லாத நாளில் மாவு அரைக்கிற அக்காவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கரண்ட் போய் மாவு பொங்கிவிட்டது, பாக்கெட் போடலாமா கொட்டிவிடலாமா என்று அவர் உங்களுக்குப் போன் செய்யாமலே முடிவெடுக்கிறார் என்றால், நோக்கம் அவர் வரைக்கும் போயிருக்கிறது.

இன்னொன்றையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். லாபத்தில் ஒரு பங்கை அன்னதானத்துக்கோ படிப்புச் செலவுக்கோ கொடுப்பது நல்ல காரியம். பெரிய கம்பெனிகளுக்கு 2013 கம்பெனிச் சட்டம் கடந்த மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. அதெல்லாம் லாபம் வந்த பிறகு நடப்பது. நான் சொல்வது லாபம் எப்படி வருகிறது என்பதற்குள்ளேயே இருக்கிற விஷயம்.

நோக்கம் இருந்தும் கெட்டுப்போன இடங்களும் உண்டு. 2010இல் ஆந்திரப் பிரதேசத்தில் நடந்ததைப் பாருங்கள். ஏழைப் பெண்களுக்கு வட்டிக்காரர் பிடியிலிருந்து விடுதலை என்று ஆரம்பித்தவைதான் அங்கிருந்த சிறுகடன் நிறுவனங்கள். ஆனால் வேகமாக வளர வேண்டும் என்று வந்த பிறகு, ஒரே பெண்ணுக்கு நான்கு நிறுவனங்கள் கடன் கொடுத்தன. அவரால் கட்ட முடியுமா என்று யாரும் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை. வசூல் நெருக்கடி முற்றி, தற்கொலைகள் பற்றிய செய்திகள் வந்து, அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. கடன் திரும்பி வருவது அப்படியே நின்றது. நோக்க வாசகம் கடைசி நாள் வரை மாறவே இல்லை. ஸ்ரீராமின் ஃபீல்டு ஆபீசர் செய்கிற அந்த விசாரிக்கிற வேலைதான் இங்கே காணாமல்போனது. வாசகம் இருந்து வழிமுறை போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

யாருடைய பணத்தில் தொழில் நடக்கிறது என்பதும் முக்கியம். பிரான்ஸின் உணவுப் பொருள் நிறுவனமான டனோன் 2020 ஜூனில், பங்குதாரர்கள் ஏறக்குறைய ஒருமனதாக வாக்களித்து, சட்டப்படியே சமூக நோக்கமுள்ள நிறுவனமாக மாறியது. அடுத்த மார்ச்சில், போட்டியாளர்களைவிடப் பின்தங்கிவிட்டது என்ற முதலீட்டாளர்களின் நெருக்கடியில் அதன் தலைவர் பதவி இழந்தார். நம் பக்கத்தில் ஜோஹோ என்ற சாஃப்ட்வேர் நிறுவனம் இருக்கிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஆரம்பித்தது, வெளி முதலீடே வாங்கவில்லை. கல்லூரிப் பட்டம் இல்லாத, பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளை உதவித்தொகை கொடுத்துப் படிக்கவைத்து வேலைக்கு எடுக்கிற திட்டத்தை 2004இல் தொடங்கினார்கள். பிறகு தென்காசிப் பக்கம் அலுவலகம் போட்டார்கள். இதெல்லாம் பலன் தர வருடக்கணக்கில் ஆகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கேட்கிற முதலீட்டாளர் இருந்திருந்தால் அவ்வளவு காத்திருக்க விட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். நாளைக்கு யாராவது உங்கள் தொழிலில் பணம் போட வந்தால், அவருக்கு எத்தனை வருடப் பொறுமை இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

இனி உங்கள் மாவு.

பெரிதாக எழுத வேண்டாம். பாரம்பரிய உணவைக் காக்கிறோம், சமூகத்தை மாற்றுகிறோம் என்றெல்லாம் எழுதினால் நாளைக் காலை அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. உங்கள் மாமியார் வாசலில் கிரைண்டர் போட்டபோது யார் வந்து வாங்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்புகிற வீட்டுக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியதும் இன்றுவரை மாறவில்லை: காலை ஏழு மணிக்கு ஊற்றினால் இட்லி பூவாக வர வேண்டும், பிள்ளை புளிக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடக் கூடாது. "மடிப்பாக்கம் சுற்று வட்டாரத்தில், நேற்று அரைத்த மாவைத் தாண்டி யார் வீட்டுக்கும் பழைய மாவு போகாது." இந்த அளவுக்கு எழுதினால் போதும். இது சரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் வெளியிலிருந்து பார்த்துச் சொல்கிறேன்.

இதை உண்மையாகவே கடைப்பிடிப்பது என்று வந்தால் வேலை எப்படி மாறுகிறது பாருங்கள். ஒரே அரைப்பாகக் காலையில் அரைப்பதை இரண்டாகப் பிரித்து, மதியம் ஒரு அரைப்பு வைக்க வேண்டிவரும், அது சாயந்திரம் ஐந்திலிருந்து ஏழுக்குள் கடைக்குப் போக வேண்டும். அந்த நேரத்துக்குள் வண்டி எட்டுகிற தூரம்தான் உங்கள் எல்லை: நங்கநல்லூர், உள்ளகரம், புழுதிவாக்கம், கீழ்க்கட்டளை. தாம்பரம் தாண்டி ஒரு கடை கேட்கிறது என்றால் வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் மாவு பொங்குகிற வேகம் வேறு, மார்கழியில் வேறு. எந்தப் பக்குவத்தில் பாக்கெட் போடுவது என்பதை மாதத்துக்கு மாதம் எழுதி வைக்க வேண்டும். பாக்கெட்டில் தேதியோடு அரைத்த நேரத்தையும் அச்சடிக்க வேண்டும். அப்புறம் கடைகள். ராத்திரி கடையை மூடும்போது கரண்ட் மிச்சம் பிடிக்க ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் போகிற கடைகள் நம் ஊரில் நிறைய. காலையில் பாக்கெட் உப்பிக்கொண்டு நிற்கும். வாங்கிப் போனவர் திட்டுவது கடைக்காரரை அல்ல, பாக்கெட்டில் இருக்கிற உங்கள் பெயரை. அப்படிப்பட்ட கடைகளுக்குக் குறைவாகப் போட வேண்டும், இல்லை நிறுத்திவிட வேண்டும்.

விற்பனை குறையுமே என்று பயம் வரும். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம், உங்கள் நிஜ எண்களை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஒரு பாக்கெட் அடக்கம் 32 ரூபாய், கடைக்கு 40 ரூபாய். 100 பாக்கெட் போட்டு 12 விற்காமல் ரிட்டர்ன் வந்தால், 88 பாக்கெட்டுக்கு 3,520 ரூபாய் வரும், அடக்கம் 3,200 போக 320 மிஞ்சும். ரிட்டர்ன் 4ஆகக் குறைந்தால் 3,840 வரும், மிஞ்சுவது 640. ஒரு பாக்கெட்கூட அதிகமாக அரைக்காமல் லாபம் இரண்டு மடங்கு. பழைய மாவு போகக் கூடாது என்ற பிடிவாதம்தான் இங்கே காசாகிறது. ரிட்டர்னைக் குறைக்க வேண்டும் என்று எல்லா மாவுக் கம்பெனிகளுக்கும் தெரியும். கடை கடையாகப் போய் ஃபிரிட்ஜைத் தொட்டுப் பார்க்கிற பொறுமை, காரணம் இருக்கிறவருக்குத்தான் வரும்.

சூப்பர் மார்க்கெட் ஆர்டரை இதே வெளிச்சத்தில் பாருங்கள். 36 ரூபாய்க்குக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், 400 பாக்கெட்டுக்கு ஒரு நாளைக்கு 14,400 ரூபாய் பில், 1,600 ரூபாய் லாபம். 60 நாள் கடன் என்றால் எந்த நேரத்திலும் 8,64,000 ரூபாய் அவர்களிடம் நிற்கும், அதில் 7,68,000 உங்கள் கைக்காசு. உங்கள் மொத்த உற்பத்தியில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளர். ஏழு நாள் தாங்க வேண்டும் என்பதற்காக மாவின் பக்குவத்தையே மாற்ற வேண்டிவரும், வேறு ஏதாவது சேர்க்கவும் வேண்டிவரலாம். அந்த மாவும் வாசல் கிரைண்டரிலிருந்து வந்த மாவும் ஒரே பெயரில் விற்கும். என்னைக் கேட்டால், அவர்கள் சொல்கிறபடி எடுக்க வேண்டாம்.

ஆனால் கதவைச் சாத்தவும் வேண்டாம். உங்கள் எல்லைக்குள் இருக்கிற இரண்டு கிளைகளுக்கு மட்டும், தினமும் புதிதாக, அரைத்த நேரம் அச்சடித்துத் தருகிறேன், 15 நாளில் பணம் வேண்டும் என்று பேசிப் பாருங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் முதலில் அதைச் செய்துவிடுங்கள், ஆன்லைனில் இலவசம்தான். 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டப்படி, உங்களைப் போன்ற குறுந்தொழிலிடம் வாங்குகிறவர் ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும். அந்த 60 நாளை அவர்கள் கேட்பதே தவறு. இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம், என் ஆடிட்டர் இப்படிச் சொல்கிறார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். ரிட்டர்ன் நோட்டை எடுத்து, போன மூன்று மாதத்தைக் கடைவாரியாகப் பிரியுங்கள். எந்தக் கடை ஃபிரிட்ஜை அணைக்கிறது என்று உங்கள் வண்டி ஓட்டுகிற தம்பிக்குத் தெரியும், அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் கையில் வந்த பிறகு சூப்பர் மார்க்கெட்டுக்குப் பதில் சொல்லலாம். அதற்கு முன்பே அவர்கள் போன் செய்தால், இப்போதைக்கு இரண்டு கிளை மட்டும்தான் முடியும் என்று சொல்லி வையுங்கள்.